நீங்கள் வாங்கிய கேம் கன்சோல் உண்மையிலேயே உங்களுடையதா?

2025 மே மாதம் நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் அதன் பயனாளர் ஒப்பந்தத்தை மாற்றியது. இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? 'ஏற்கிறேன்' பொத்தானைத் தட்டிவிட்டு விளையாடப் போய்விடுவோம். ஆனால் இந்த முறை அதிலிருந்த ஒரு வாசகம் உலகம் முழுக்கப் பேச்சானது. கன்சோலின் பாதுகாப்பைத் தாண்டினாலோ, அதன் மென்பொருளை மாற்றியமைத்தாலோ, அந்தக் கருவியையே முழுமையாகவோ ஓரளவோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதபடி செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதுதான் அந்த வாசகத்தின் சாரம்.

கணக்கை முடக்குவது வேறு. அது அவர்களின் சேவை. வேண்டாம் என்றால் கதவைச் சாத்தலாம். ஆனால் கருவி? காசு கொடுத்து வாங்கியது நீங்கள். நீங்கள் வாங்கிய ரைஸ் குக்கரில் இட்லி அவித்தீர்கள் என்று கடைக்காரர் வீட்டுக்கு வந்து அதைச் செயலிழக்க வைத்துவிட்டுப் போனால் சும்மா இருப்பீர்களா?

அடுத்த மாதம், ஜூன் 5ஆம் தேதி, ஸ்விட்ச் 2 விற்பனைக்கு வந்தது. சில நாள்களிலேயே தடைகள் தொடங்கின. மிக் ஸ்விட்ச் என்ற அட்டையைச் செருகியவர்களின் கன்சோல்கள் நின்டெண்டோவின் இணையச் சேவைகளிலிருந்து துண்டிக்கப்பட்டன. பல விளையாட்டுகளின் நகல்களை ஒரே அட்டையில் ஏற்றி ஓட்ட உதவும் பொருள் அது. சொந்தமாகக் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டின் நகலைத்தான் போட்டோம் என்று சிலர் புலம்பினார்கள். பலனில்லை.

இதையெல்லாம் திருட்டு விளையாட்டுப் பிரச்சினை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். முடிக்கக்கூடாது என்பதுதான் என் கருத்து. ஏனென்றால் அதே பூட்டுக்குப் பின்னால் இன்னொரு கூட்டமும் 20 ஆண்டுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது. அவர்கள் யாருடைய விளையாட்டையும் திருட வந்தவர்கள் இல்லை. தாங்கள் எழுதிய மென்பொருளைத் தங்கள் கன்சோலில் ஓட்டிப் பார்க்க வந்தவர்கள்.

ஹோம்ப்ரூ: அப்படின்னா என்ன?

ஹோம்ப்ரூ என்றால் வீட்டில் வடித்த பீர் என்று பொருள். அந்தப் பெயர் அப்படியே மென்பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. நிறுவனத்தின் அனுமதியோ உரிமமோ இல்லாமல், ஆர்வலர்கள் சொந்தமாக எழுதிக் கன்சோலில் ஓட்டும் செயலிகள்தான் ஹோம்ப்ரூ. சின்ன விளையாட்டு, காணொளி ஓட்டும் செயலி, பழைய கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டர், முழு லினக்ஸ் இயங்குதளம் எல்லாம் அதில் அடக்கம்.

கணினியில் இதற்கு யாரும் தடை சொல்வதில்லை. பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் எழுதிய பைத்தான் நிரல் மடிக்கணினியில் ஓட எந்த நிறுவனத்தின் கையெழுத்தும் தேவையில்லை. கன்சோல் அப்படியில்லை. அதில் ஓடும் ஒவ்வொரு நிரலிலும் தயாரிப்பாளரின் மின்னிலக்கக் கையெழுத்து இருக்க வேண்டும். இயந்திரம் விழித்தெழும் முதல் கணத்திலிருந்தே இந்தச் சோதனை நடக்கிறது. முதல் நிரல் இரண்டாவதைச் சோதிக்கும், இரண்டாவது மூன்றாவதை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் போதும், உள்ளே போய்விடலாம். ஹோம்ப்ரூவின் வரலாறு அந்தக் கண்ணியைத் தேடிய வரலாறுதான்.

குதிரையின் பெயரில் ஒரு கதவு

எனக்குப் பிடித்தது வீ கன்சோலின் கதை. அது 2006 இறுதியில் வெளிவந்தது. அதன் ரகசியச் சாவியை எடுத்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் டீம் ட்வீசர்ஸ். புருவ முடியைப் பிடுங்குவோமே, அந்த ட்வீசரேதான். கேம்கியூப் விளையாட்டை ஓட்டும்போது வீ தன் நினைவகத்தின் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். மற்ற பகுதியில் ரகசியங்கள் இருக்கும். ட்வீசரின் உலோக முனையால் பலகையில் இருந்த இரண்டு இணைப்புகளைத் தொட்டபோது அந்தச் சன்னல் நகர்ந்தது. மறைந்திருந்த பகுதியைத் துண்டு துண்டாகப் படித்தார்கள். சாவி கிடைத்தது.

ஆனால் எல்லாராலும் கன்சோலைத் திறந்து ட்வீசரை வைத்துக்கொண்டிருக்க முடியாது, இல்லையா? சாதாரணப் பயனாளருக்கு ஓர் எளிய வழி 2008இல் வந்தது. 'செல்டா: ட்வைலைட் பிரின்சஸ்' விளையாட்டில் நாயகனுக்கு ஒரு குதிரை உண்டு. அதற்கு நீங்களே பெயர் வைக்கலாம். விளையாட்டின் திரை நீளமான பெயரைத் தட்ட விடாது. ஆனால், சேமித்த கோப்பில் பெயர் எவ்வளவு நீளம் என்று விளையாட்டு சரிபார்க்கவில்லை.

படிவத்தில் முழுப் பெயரையும் எழுதக் கட்டம் போதாத அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அப்பா பெயரும் சேர்ந்துவிட்டால் எழுத்து பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விடும். இங்கேயும் அதுதான் நடந்தது. கோப்பில் குதிரைக்கு மிக நீண்ட 'பெயர்' ஒன்றை எழுதி வைத்தார்கள். அது தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி, அடுத்து எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று குறித்து வைத்திருந்த இடத்தின் மேல் வழிந்தது. அவ்வளவுதான். கன்சோல் எஸ்டி கார்டில் இருந்த வெளியாள் நிரலை ஓட்டத் தொடங்கியது.

அதே ஆண்டு ஹோம்ப்ரூ சேனல் வந்தது. வீயின் முகப்புத் திரையில் மற்ற சேனல்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டு, உங்கள் செயலிகளைப் பட்டியல் போட்டுக் காட்டும். நின்டெண்டோ மென்பொருளைப் புதுப்பித்துக் குதிரைக் கதவை அடைத்தது. புதுக் கதவுகள் முளைத்தன. 2009இல் வந்த 4.2 புதுப்பிப்பு, கன்சோலின் அடிப்படைத் தொடக்க நிரலையே மேலெழுதப் பார்த்தது. அதில் யாரும் கைவைக்காத கன்சோல்கள் சிலவும் செயலிழந்தன. பூட்டுச் சண்டையில் வேடிக்கை பார்த்தவருக்கும் அடி விழும் என்பதற்கு அது முதல் சான்று.

பத்து ஆண்டு கழித்து அதே தவறு

2018 ஏப்ரலில் ஸ்விட்ச்சின் முறை. அதன் மூளையான என்விடியா டெக்ரா எக்ஸ்1 சில்லில், தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட தொடக்க நிரல் ஒன்று உண்டு. பழுதுபார்க்கும் நிலையில் அது யுஎஸ்பி வழியாக வரும் தகவலை வாங்கும். எவ்வளவு நீளம் வரை நகலெடுக்கலாம் என்று அது சரியாகச் சோதிக்கவில்லை. குதிரைப் பெயரின் அதே பிழை, இன்னும் ஆழமான இடத்தில்!

ஆய்வாளர் கேத்தரின் டெம்கின் முன்கூட்டியே என்விடியாவுக்கும் நின்டெண்டோவுக்கும் தெரிவித்துவிட்டுத்தான் விவரத்தை வெளியிட்டார். ஆனால் சில்லில் பொறித்ததை இணையம் வழியாகத் திருத்த வழியில்லை. அதற்குள் 14 மில்லியனுக்கு மேற்பட்ட ஸ்விட்ச்கள் விற்றிருந்தன. அவை அனைத்திலும் அந்தக் கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. ஒரு காகித கிளிப்பும் ஒரு யுஎஸ்பி கம்பியும் போதும் என்று அப்போது வேடிக்கையாகச் சொல்வார்கள். அது பெரிய மிகையும் இல்லை.

பிறகு வந்த ஸ்விட்ச்களில் பிழை திருத்தப்பட்டது. அவற்றுக்கு வேறு வழி: மோட்சிப் எனும் சிறு சில்லைப் பலகையில் ஈயப்பற்று வைத்துச் சேர்ப்பது. இயந்திரம் கையெழுத்தைச் சோதிக்கும் அந்த நுண்நொடியில் மின்னழுத்தத்தைச் சற்றே குலைத்தால், அது தடுமாறிச் சோதனையைத் தவறவிடும். கேட்க எளிது. கை நடுங்கினால் கன்சோல் வெறும் செங்கல்.

தயாரிப்பாளரே கதவைத் திறந்தால்?

சில நேரம் திறந்திருக்கிறார்கள். 1997இல் சோனி 'நெட் யாரோஸ்' என்ற கறுப்பு நிற பிளேஸ்டேஷனை ஆர்வலர்களுக்காகவே விற்றது. இன்றைய எக்ஸ்பாக்ஸில் மேம்பாட்டாளர் நிலை என்று ஒன்று உண்டு. பதிவு செய்துகொண்டால், எதையும் உடைக்காமல் உங்கள் செயலியைச் சட்டப்படி ஓட்டலாம். பலர் அதில் எமுலேட்டர் ஓட்டுகிறார்கள். எக்ஸ்பாக்ஸை உடைக்கப் பெரிய ஆர்வம் எழாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆர்வலர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

பிளேஸ்டேஷன் 3இன் கதையைப் பாருங்கள். 2006இல் வந்தபோது அதில் 'அதர் ஓஎஸ்' என்ற வசதி இருந்தது. லினக்ஸை நீங்களே நிறுவிக்கொள்ளலாம். அமெரிக்க ஆகாயப் படை ஏறத்தாழ 1,760 பிளேஸ்டேஷன் 3களை ஒன்றாக இணைத்து ஒரு சூப்பர் கணினியையே உருவாக்கியது. 2010 தொடக்கத்தில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளையர், லினக்ஸ் வழியாக உள்ளே நுழையும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். சோனி என்ன செய்தது? 2010 ஏப்ரல் 1ஆம் தேதி, பாதுகாப்புக் காரணம் காட்டி, ஏற்கெனவே விற்ற கன்சோல்களிலிருந்தே அந்த வசதியை எடுத்துவிட்டது. புதுப்பிக்கவில்லை என்றால் இணையத்தில் விளையாட முடியாது. புதுப்பித்தால் லினக்ஸ் போய்விடும். எதை விடுவது?

அந்த டிசம்பரில் பெர்லின் மாநாடு ஒன்றில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு மேடையேறியது. அதில் டீம் ட்வீசர்ஸின் பழைய முகங்கள் இருந்தன. பிளேஸ்டேஷன் 3 நான்கு ஆண்டு தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பூட்டின் பலம் இல்லை, லினக்ஸ் கிடைத்ததால் திறமைசாலிகளுக்கு உடைக்க அவசியமே இருக்கவில்லை என்பதுதான் அவர்களின் வாதம். வசதியைப் பறித்த ஓராண்டுக்குள் எல்லாம் சரிந்தது.

எப்படி என்பது இன்னும் சுவை. சோனி ஒவ்வொரு நிரலிலும் கையெழுத்திடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ரகசிய எண்ணைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே எண்ணைப் பயன்படுத்தியது. அப்படிச் செய்தால் என்ன ஆகும்? இரண்டு கையெழுத்து இருந்தால் இரண்டு சமன்பாடு. தெரியாத எண்களும் இரண்டே. மீதியை உயர்நிலைப் பள்ளிக் கணிதம் பார்த்துக்கொள்ளும். சோனியின் தனிச் சாவி வெளியே வந்தது. அந்தச் சாவி இருந்தால், எதை வேண்டுமானாலும் 'சோனி கையெழுத்திட்டது' என்று கன்சோலை நம்பவைக்கலாம்.

சோனி 2011 ஜனவரியில் ஹாட்ஸ் மீதும் அந்தக் குழுவினர் மீதும் வழக்குப் போட்டது. ஹாட்ஸ் மீதான வழக்கு ஏப்ரலில் சமரசமாக முடிந்தது. மறுபக்கம், லினக்ஸ் வசதியை இழந்த அமெரிக்க வாங்குநர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் சோனி கடைசியில் 3.75 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கு அது.

அப்போ திருட்டு எங்கே வருகிறது?

வருகிறது. மறைக்க வேண்டியதில்லை. உங்கள் செயலியை ஓட்டத் திறந்த கதவு, திருட்டு நகலையும் உள்ளே விடும். ஸ்விட்ச்சுக்காக ஆர்வலர்கள் உருவாக்கிய அட்மாஸ்ஃபியர் என்ற மாற்று மென்பொருள் திருட்டு விளையாட்டுகளை ஓட்டும் பகுதியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வேறு யாரோ அதை எழுதி வெளியிட்டார்கள். கோடு அவ்வளவு மெல்லியது.

டீம் எக்ஸிகியூட்டர் என்ற குழு அந்தக் கோட்டைத் தாண்டிப் பணம் பார்த்தது. ஸ்விட்ச்சைத் திறக்கும் சாதனங்களையும் மென்பொருளையும் விற்றது. அதைச் சேர்ந்த கேரி பவுசர் 2020இல் டொமினிக்கன் குடியரசில் கைதானார். 2022இல் அவருக்கு 40 மாதச் சிறைத் தண்டனை. நின்டெண்டோவுக்குக் கொடுக்க வேண்டிய தொகை, குற்றவியல், உரிமையியல் வழக்குகள் இரண்டையும் சேர்த்து 14 மில்லியன் டாலருக்கு மேல். 2024இல் யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் 2.4 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு கடையை மூடினார்கள்.

ஹோம்ப்ரூ உலகமும் அப்பழுக்கற்றது இல்லை. வீ செயலிகள் பலவற்றுக்கு அடித்தளமான நிரல் தொகுப்பில் நின்டெண்டோவிடமிருந்தும் இன்னொரு திறந்த மென்பொருளிடமிருந்தும் எடுத்த பகுதிகள் இருப்பதாக, ஹோம்ப்ரூ சேனலை உருவாக்கியவர்களே 2025 ஏப்ரலில் குற்றஞ்சாட்டி, அந்தத் திட்டத்தை மூடினார்கள். வீட்டுச் சமையல் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக் குழம்பைக் கலந்த மாதிரி.

இருந்தும், இந்தக் கதவுகள் வழியாக நல்லது எதுவும் வரவில்லை என்று சொல்ல முடியாது. கோடி, பிளெக்ஸ் இரண்டும் உங்களில் பலருக்குத் தெரிந்த பெயர்கள்தான். இரண்டின் வேரும் ஒன்றே. 2002 வாக்கில் முதல் எக்ஸ்பாக்ஸை உடைத்தவர்கள் அதில் படம் பார்க்க எழுதிய ஒரு ஹோம்ப்ரூ செயலி அது. பின்னாளில் அதே கோடியைச் சட்டவிரோத ஒளிபரப்புகளோடு சேர்த்து ஆண்ட்ராய்டு பெட்டிகளில் ஏற்றி விற்றார்கள். அத்தகைய பெட்டிகளை விற்போருக்கு எதிராகத்தான் சிங்கப்பூர் 2021இல் பதிப்புரிமைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. கோடி மென்பொருளை வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது.

சிங்கப்பூரில் நிலவரம்?

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எதையும் திருடாவிட்டாலும், பதிப்புரிமைப் படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதே தனி விவகாரம். 1998இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின் கோட்பாடு அது. 2004 ஜனவரியில் நடப்புக்கு வந்த அமெரிக்க-சிங்கப்பூர் தடையற்ற வணிக உடன்பாட்டின் மூலம் நம் சட்டத்திலும் அது இடம்பிடித்தது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் குறுகலானவை. பூட்டை உடைக்கும் சாதனத்தை விற்பதும், காசுக்கு மோட்சிப் பொருத்தித் தருவதும் இன்னும் ஆபத்தானவை. நண்பர்களுக்குச் செய்து கொடுத்துச் சில்லறை பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால், இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

எல்லா நாட்டு நீதிமன்றமும் ஒரே மாதிரி சொல்லவில்லை. 2005இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் பிளேஸ்டேஷன் மோட்சிப் விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தில் இருந்த விளக்கப்படி அந்தப் பாதுகாப்பு 'பூட்டே' அல்ல என்றது. மறு ஆண்டே அங்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கும் பின்னணியில் அமெரிக்காவுடன் செய்த ஒரு வணிக உடன்பாடு.

நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் இந்தக் கதையில் உண்டு. பன்னி என்று அறியப்படும் ஆண்ட்ரூ ஹுவாங். 2002இல் எம்ஐடி மாணவராக இருந்தபோது முதல் எக்ஸ்பாக்ஸின் ரகசியச் சாவியைக் கண்டெடுத்தவர். சில்லுகளுக்கு இடையே மின்னல் வேகத்தில் ஓடும் தகவலை, தானே செய்த ஒரு பலகையை வைத்து ஒட்டுக்கேட்டார். அதைப் பற்றி எழுதிய நூலை வெளியிட இருந்த பதிப்பகம் சட்டத்துக்குப் பயந்து பின்வாங்கியது. 2003இல் முதலில் அவரே வெளியிட்டார். 2013இல் இலவசமாகவும் கொடுத்துவிட்டார். பின்னாளில் அவர் சிங்கப்பூரில் குடியேறினார். 2016இல், பூட்டுடைப்புத் தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று இன்னொருவருடன் சேர்ந்து அமெரிக்க அரசாங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் கேட்ட இடைக்காலத் தடையைக் கொடுக்க மறுத்தது.

கடை மூடிய பிறகு

பொழுதுபோக்குக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்கலாம். வீயின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடியது. 3டிஎஸ், வீ யு கடைகள் 2023 மார்ச் 27ஆம் தேதி. அங்கு மட்டுமே விற்ற விளையாட்டுகளை இன்று காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. வீயின் இணைய விளையாட்டுச் சேவையை நின்டெண்டோ 2014இல் நிறுத்தியது. அதன்பிறகும் மாரியோ கார்ட்டில் முன்பின் தெரியாதவர்களோடு பந்தயம் ஓட்ட முடிகிறது என்றால், ஆர்வலர்கள் நடத்தும் மாற்றுச் சேவைதான் காரணம்.

தயாரிப்பாளர் கைவிட்ட கருவியைத் திறக்க அனுமதித்தால் யாருக்கு நட்டம்? விற்பனையில் இருக்கும் கன்சோலுக்கும் கடை மூடிய கன்சோலுக்கும் ஒரே சட்டம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால், 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு வராமல் தொலைவிலிருந்து அணுகுவதற்குக்கூட விலக்கு தர மறுத்துவிட்டது.

இரண்டாம் கை வாங்கப் போகிறீர்களா?

மோட்சிப்பை நீங்கள் கண்ணாலும் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் கரோசலில் கன்சோல் தேடியிருப்பீர்கள். தடை பெரும்பாலும் கணக்கோடு நிற்பதில்லை, கருவியோடு ஒட்டிக்கொள்கிறது. முந்தைய உரிமையாளர் செய்த வேலைக்கு நீங்கள் மாட்டிக்கொள்ளலாம். நகலெடுக்கப்பட்ட பழைய விளையாட்டு அட்டையை அறியாமல் வாங்கிப் போட்டதற்கே தடை வாங்கியவர்கள் இருப்பதாகவும், நின்டெண்டோவிடம் ஆதாரம் காட்டிய பிறகே தடை நீங்கியதாகவும் 2025இல் செய்திகள் வந்தன.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். 'ஆஃப்லைனில் மட்டும்', 'எல்லா விளையாட்டும் உள்ளேயே இருக்கு' என்று போட்டிருந்தால் அதன் அர்த்தம் இப்போது உங்களுக்குப் புரியும். எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றும்போது கைத்தொலைபேசியில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். விற்பவர் முன்னிலையிலேயே கன்சோலை இணையக் கடையுடன் இணைத்துப் பாருங்கள். கடை திறந்து பட்டியல் வந்தால் பணம் கொடுக்கலாம். பிழை எண் வந்தால் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.